எங்கள் ஷெட்டுக்கு ஸ்பீக்கர் பார்த்த கதை

பெரம்பலூரில் எங்கள் வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே, முன்பக்கம், ஒரு கார் நிறுத்தும் அளவுக்கு இடம் சும்மா கிடந்தது. எங்களிடம் கார் இல்லாததால் அங்கே நான் துணி காயப்போட்டேன், வெயில் காலத்தில் வத்தல் காயப்போட்டேன். போன வருஷம் அந்த இடத்துக்கு மேலே பச்சைத் தகர ஷீட் போட்டு, கீழே டைல்ஸ் பதித்து, சுவரில் ஒரு டிவியை மாட்டினோம். யோசனை பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகனுடையது. வெளியே உட்காரும் இடத்துக்கு இங்கிலீஷ் பெயராம், அவன் அதைப் 'பேட்டியோ' என்றான்.

"பெட்டியா? எந்தப் பெட்டி?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

அவர் இன்றைக்கும் அதை 'ஹால்' என்றே சொல்கிறார். ஷீட் போட வந்தவர்கள் 'ஷெட்' என்றார்கள். நான் அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டேன். தகரம் போட்ட இடத்துக்கு எத்தனை பெயர் வைத்தாலும் மழை வந்தால் அது ஷெட் மாதிரிதான் சத்தம் போடும்.

அவர் 'பெட்டியா' என்று கேட்டது வேடிக்கைக்காக இல்லை. அவருக்கு அப்படித்தான் விழுந்தது. அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில், சுண்ணாம்புக்கல்லை உடைக்கும் கிரஷர் பக்கத்திலேயே வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவர் அவர். சத்தம் தாக்காமல் காதில் வைத்துக்கொள்ளச் சொல்லி ஆலையில் கொடுத்த அடைப்பானை வேலைக்குப் போகும்போதெல்லாம் மறக்காமல் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். "காதுல வச்சா அரிக்குது" என்பார். சட்டைப் பைக்கு ஒரு குறையும் வரவில்லை. அவர் காதுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது.

போய்விட்டது என்று நான் சொல்கிறேன். அவர் ஒத்துக்கொண்டதில்லை. நான் வேப்பந்தட்டையில் பள்ளிக்கூட டீச்சர். வகுப்பில் பேசினால் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கும் என்று சக டீச்சர்கள் கேலி செய்வார்கள். அந்தக் குரலை வைத்துக்கொண்டே என்னால் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்க முடியவில்லை. மெதுவாகச் சொன்னால் கேட்காது. சத்தமாகச் சொன்னால், "எதுக்குக் கத்துற? நான் என்ன செவிடா?" என்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவு இருக்கும் என்று நம்பி நான் ரொம்ப நாள் தேடினேன்.

வெளியாட்களிடம் அவர் வேறு வித்தை வைத்திருந்தார். 'ஆமா ஆமா', 'அது சரி', 'பாத்துக்கலாம்'. இந்த மூன்றையும் முறை வைத்து மாற்றி மாற்றிச் சொல்வார். நடுவில் தலையாட்டுவார். எதிரில் இருப்பவர் சிரித்தால் இவரும் சிரிப்பார். பெரம்பலூரில் இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு ஆள் எத்தனை காலம் வேண்டுமானாலும் குடித்தனம் நடத்தலாம், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். டீக்கடையில் நடக்கும் பேச்சில் பாதிக்கு மேல் இவ்வளவுதான்.

தா.பழூரிலிருந்து அவர் தம்பி வந்த அன்றைக்குத்தான் வித்தை மாட்டிக்கொண்டது.

தம்பி என்றால் சித்தப்பா மகன். கூடப் பிறந்தவர் இவருக்கு யாரும் இல்லாததால் தம்பி என்றால் அவர் ஒருவர்தான். நெல் விவசாயம். பொங்கலுக்குப் பொங்கல் புது அரிசி மூட்டையோடு வந்து இறங்குவார். அந்த வருஷம் அறுப்புக்கு நின்ற பயிர் மழையில் சாய்ந்து, தண்ணீரிலேயே கிடந்து வீணாகிவிட்டது. வெறும் கையோடு வந்தார். குரலே எழும்பவில்லை அவருக்கு. தலையைக் குனிந்துகொண்டு, "நெல்லு பூரா கதிர்லயே முளைச்சுப் போச்சுண்ணே" என்றார்.

அறுக்க வேண்டிய நெல் கதிரிலேயே முளைப்பதை விட ஒரு விவசாயிக்குப் பெரிய இடி கிடையாது. என் வீட்டுக்காரர் காதில் 'நெல்லு' விழுந்தது, 'முளைச்சு' விழுந்தது. மீதியை அவரே போட்டுக்கொண்டார். முகம் நிறையச் சிரித்து, "ரொம்ப சந்தோஷம்டா. நல்லா முளைக்கட்டும்!" என்றார்.

நான் அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் தம்பி எழுந்துவிட்டார். காபி பாதி அப்படியே இருந்தது. "போயிட்டு வரேன் அண்ணி" என்று என்னிடம் மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு போன் போட்டால் எடுக்கவில்லை. தீபாவளிக்கு வரவில்லை. அடுத்த பொங்கலுக்கும் வரவில்லை.

நடந்ததை நான் இவரிடம் எடுத்துச் சொன்னேன். கேட்டதும் முகம் செத்துவிட்டது. ஆனாலும் வாய் என்ன சொன்னது தெரியுமா? "அவன் எப்பவுமே வாய்க்குள்ளதான் பேசுவான்." தம்பிக்குப் போன் போட்டு 'எனக்குக் காது கேக்கலடா' என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த நிமிஷமே எல்லாம் சரியாகிவிடும். அந்த ஒரு வார்த்தைக்குப் பதில் தம்பியையே விட்டுவிடத் தயாராக இருந்தார். அன்றிலிருந்து ஆட்களோடு உட்காருவதையும் குறைத்துக்கொண்டார். கிரஷரில் கூட வேலை பார்த்தவர்கள் வந்தால் மோட்டார் போடுகிற சாக்கில் பின்பக்கம் போய்விடுவார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. கோபம் என்று வெளியே காட்டினேன், உள்ளே பயம்தான்.

அதனால்தான் ஷெட் என்றதும் நான் சரி என்றேன். டிவி ஓடினால், கிரிக்கெட் வந்தால், பழைய கூட்டாளிகள் வருவார்கள், இவரும் நடுவில் உட்காருவார் என்று கணக்குப் போட்டேன். இவருக்கும் உற்சாகம்தான். அதற்குக் காரணம் வேறு. டிவி சரியாகப் பேசுவதில்லை, இந்தக் காலத்து டிவிக்குள் இருக்கிற ஸ்பீக்கர் எல்லாம் மட்டம், நல்ல பாக்ஸாக வாங்கி மாட்டிவிட்டால் எல்லாம் தெளிவாகிவிடும் என்பது அவர் கட்சி. ஆக, கோளாறு டிவியில் இருந்தது. என்னைப் பொண்ணு பார்த்தபோது கூட, இந்த ஸ்பீக்கருக்கு யோசித்த அளவு இவர் வீட்டில் யோசித்திருக்க மாட்டார்கள்.

முதலில் மகன் அனுப்பியது வந்தது. மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும் என்று எழுதியிருந்த இரண்டு சின்ன ஸ்பீக்கர். பாலாடை நிறம், கைக்கு அடக்கம், பார்க்க லட்சணமாக இருந்தது. சுவரின் உச்சியில், ஷீட்டுக்குக் கீழே மாட்டினோம். எனக்கு நன்றாகவே கேட்டது. இவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"என்னடி இது, சோப்பு டப்பா மாதிரி? வாயே தொறக்க மாட்டேங்குது."

"தொறந்துதாங்க இருக்கு."

"ஆமா ஆமா" என்றார். நான் சொன்னது கேட்கவில்லை என்று அர்த்தம்.

சோப்பு டப்பாக்கள் பீரோவுக்குள் போயின. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் எங்களுக்குத் தெரிந்த ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடை இருக்கிறது. டிவி, மிக்ஸி விற்பார், திருவிழா நாளில் ரேடியோ செட்டும் கட்டுவார். அவரிடம் போனோம். இவர் கடைக்குள் நுழைந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "சவுண்டு நல்லா இருக்கணும்."

எங்கள் ஊரில் 'சவுண்டு நல்லா இருக்கணும்' என்றால் அடுத்த தெருவுக்குக் கேட்க வேண்டும் என்று பொருள். கடைக்காரரும் அப்படியே எடுத்துக்கொண்டார். இடுப்பு உயரத்துக்கு இரண்டு பாக்ஸைக் கொண்டுவந்து ஷெட்டில் நிறுத்தி, பாட்டைப் போட்டார். பாட்டு தொடங்குவதற்கு முன்னாலேயே தகரம் தொடங்கிவிட்டது. மேலே ஒட்டியிருந்த பல்லி என் காலடியில் விழுந்தது. அடுப்படியில் தட்டு அடுக்கு தனியாகத் தாளம் போட்டது.

கொஞ்ச நேரத்தில் எதிர் வீட்டுக்காரி பட்டுப்புடவையில் வந்து நின்றாள். கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள். முகம் உம்மென்று இருந்தது.

"என்ன விசேஷம்க்கா? காதுகுத்தா? எங்க வூட்டுக்கு ஒரு வார்த்த சொல்லல பாத்தீங்களா."

அவளைச் சொல்லித் தப்பில்லை. வாசலில் பாக்ஸ் வைத்துப் பாட்டுப் போட்டால் அந்த வீட்டில் விசேஷம், அழைப்பு வரவில்லை என்றால் மனஸ்தாபம். இதுதான் இங்கே வழக்கம். பொழுதுபோக்குக்காக ஒருவர் வாசலில் பாட்டு போடுவார் என்று யார் நினைப்பார்கள்? காதுகுத்து இல்லை, காதுக்குத்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டு அவளுக்குக் காபி கொடுத்தேன்.

இவர் பாக்ஸுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, செய்தி வைக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

"சத்தம் வருது. பேச்சு வரல."

எனக்குச் சுருக்கென்றது. கிண்டல் பண்ண எடுத்த வாயை மூடிக்கொண்டேன். சத்தம் வருகிறது, பேச்சு வரவில்லை. பாக்ஸைப் பற்றித்தான் சொன்னார், ஆனால் தன் காதைப் பற்றி அவர் சொன்ன முதல் உண்மை அதுதான். நான் பேசுவதும், அவர் தம்பி பேசியதும், எல்லாமே அவருக்கு அப்படித்தான் இருந்திருக்கிறது.

பெரிய பாக்ஸ் திரும்பிப் போனது. இந்த முறை இவரே கடையில் தேர்ந்தெடுத்தார். நான் டிசைன் டிசைனாக இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கடையின் மூலையைக் காட்டி, "அது" என்றார். குழாய். திருவிழாவுக்கு மரத்தில் கட்டுவார்களே, அகலமாக வாயைப் பிளந்துகொண்டிருக்கும், அந்தக் குழாய்.

"சார், அது வூட்டுக்குக் கட்டுறது இல்லைங்க" என்றார் கடைக்காரர்.

"செட்டிகுளத்துல மலைக்கோயில் மேல கட்டினா, கீழ ரோட்டுல போறவனுக்கு யார் உபயம், எந்த ஊருன்னு ஒவ்வொண்ணும் தெளிவா கேக்குதா இல்லையா? அப்ப எது நல்ல ஸ்பீக்கர்?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இவர் சொன்னதில் தப்பு எங்கே என்று இருவருக்குமே சட்டென்று பிடிபடவில்லை. போனில் மகனிடம் சொன்னேன். "அம்மா, பேட்டியோல யாராவது குழாய் கட்டுவாங்களா?" என்றான். உங்கப்பா கட்டுவார் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்காரர் வந்து ஷெட்டின் முன்தூணில் குழாயைக் கட்டினார். எத்தனையோ திருவிழாவுக்குக் கட்டிய கை. குழாய் என்றால் ஊரைப் பார்த்துத்தான் கட்ட வேண்டும் என்று அந்தக் கைக்குப் பழக்கம். தெருவைப் பார்த்துக் கட்டிவிட்டார். உள்ளே உட்காரும் எங்களுக்காக என்பது அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. இவர் நேரே கேட்டைத் திறந்து, தெருவைத் தாண்டி, எதிர் வீட்டுக் கேட்டில் போய் நின்றுகொண்டார். குழாய்க்கு எதிரில் நின்றால்தானே சரியாகத் தெரியும்.

கடைக்காரர் என் கையில் மைக்கைக் கொடுத்தார். "ஏதாவது பேசுங்கக்கா. சார் கேக்கட்டும்."

"ஹலோ" என்றேன். "ஏங்க, கேக்குதா?"

எதிர் வீட்டு வாசலில் அவர் முகம் மலர்ந்தது. கையைத் தூக்கி ஆட்டினார். "கேக்குது! தெளிவா கேக்குது!"

"நான் பேசுறது ஒவ்வொரு வார்த்தையும் கேக்குதா?"

"ஒவ்வொரு வார்த்தையும் கேக்குது!"

அந்த முகத்தை நான் பார்த்து எத்தனை நாளாயிற்று. தலையாட்டல் இல்லை, 'அது சரி' இல்லை. நான் கேட்டதற்கு அவர் பதில் சொன்னார், அவ்வளவுதான். கையில் இருப்பது மைக் என்பதும், நடுவில் ஒரு தெரு இருக்கிறது என்பதும் மறந்தே போயிற்று. சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது.

"அப்ப இதையும் கேளுங்க. உங்களுக்குக் காது கேக்கலைங்க. டிவிக்கு ஒண்ணும் இல்ல, பாக்ஸுக்கு ஒண்ணும் இல்ல. நெல்லு முளைச்சுப் போச்சுன்னு உங்க தம்பி அழுவாத குறையா சொன்னப்ப சந்தோஷம்னு சொன்னீங்களே, அவரு வராம போனது அதுக்குத்தான். எனக்கு நீங்க வேணும், அவரும் வேணும். காது டாக்டர்கிட்ட போலாம், வாங்க."

குழாய் என் குரலை ஒரு எழுத்து விடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தது. தெருமுனைக் கறிக்கடை முன்னால் நின்றவர்கள் திரும்பினார்கள். வண்டியில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார். எதிர் வீட்டுக்காரி மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"போயிட்டு வாங்கண்ணே! அக்கா சொல்றதுல என்ன தப்பு?"

இவர் மெல்ல நடந்து வந்தார். கேட்டைச் சாத்தினார். கடைக்காரரிடம், "கழட்டிடுங்க" என்றார்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. நான் பேசியது அவருக்குக் கேட்கவும் இல்லை. இரண்டும் சேர்ந்தால் ஒரு வீடு எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நான் செய்தது தெரிந்தே செய்ததில்லை. ஆனாலும் நடுத்தெருவில் அவரை நிற்க வைத்துவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது. அவமானத்தில் இன்னும் உள்ளே சுருங்கிவிடுவாரோ என்று பயந்தேன்.

தெரு என்னவோ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்ட விதம்தான் வேறு. பால்காரர் இவருக்கு நேரே முகத்தைக் கொண்டுவந்து "பா...லு..." என்றார். கறிக்கடைக்காரர் வாயோடு கையையும் சேர்த்துப் பேசினார். பழைய கூட்டாளி ஒருவர் வந்து, தன் இடது காதும் அப்படித்தான், வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி ரகசியம் சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியில் வாயைத் திறந்தார் மனுஷர். "எல்லாரும் எதுக்கு என்கிட்ட வந்து கத்துறானுவோ?"

பீரோவைத் திறந்து சோப்பு டப்பாக்களை எடுத்தேன். கடைக்காரரை வரச்சொல்லி, சுவரின் உச்சியில் வேண்டாம், அவர் நாற்காலிக்கு வலமும் இடமுமாக, உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில் மாட்டச் சொன்னேன். ஊருக்கெல்லாம் கேட்டு என்ன ஆகப்போகிறது? ஒரு நாற்காலிக்குக் கேட்டால் போதும். இவர் உட்கார்ந்து பார்த்தார். "இப்ப கொஞ்சம் வாயத் தொறக்குது" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

சேதி தா.பழூருக்கு எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். எதிர் வீட்டுக்காரிக்குப் பிறந்த வீடு ஜெயங்கொண்டம், அங்கிருந்து தா.பழூர் பக்கம்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேட் சத்தம் கேட்டது. தம்பி நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க தம்பி" என்றேன்.

ஷெட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. தம்பி அண்ணனுக்கு எதிரில் உட்கார்ந்தார். இந்த வருஷப் பயிரைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். பழையபடி தலையைக் குனிந்துகொண்டு, பழையபடி வாய்க்குள். இவர் தலை ஆடத் தொடங்கியது. 'ஆமா' என்பதற்கு உதடு கூடுவதை நான் பார்த்தேன். என் கையில் இருந்த காபி டம்ளர் சுட்டது கூடத் தெரியவில்லை.

இவர் கையை நீட்டி ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார், முழங்கால் முழங்காலில் இடிக்கிற அளவுக்கு.

"இருடா. இந்த வருஷக் கத அப்புறம். அன்னைக்குச் சொன்னியே, அதச் சொல்லு மொதல்ல. எனக்குக் காது கேக்கலடா அன்னைக்கு."

தம்பி நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது. பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல, வார்த்தை வார்த்தையாக, முகத்துக்கு நேராகச் சொன்னார். மழை எப்போது பிடித்தது, தண்ணீர் எத்தனை நாள் வடியாமல் நின்றது, வரப்பில் எப்படிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார் என்று எல்லாவற்றையும் சொன்னார். இவர் தலையாட்டவில்லை. தம்பியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு இடத்தில், "என்னா? திருப்பிச் சொல்லு" என்று கேட்டார்.

"கதிர்லயே முளைச்சுப் போச்சுண்ணே."

"அடடா" என்றார் என் வீட்டுக்காரர். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும், "அடடா" என்றார்.